பாய்மரப் படகில் ஏழு நாள் சீஷெல்ஸ்: போகலாமா, வேண்டாமா?

போச்சம்பள்ளி_மாந்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாள் ஆசை ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். சீஷெல்ஸ் தீவுகளில் பாய்மரப் படகை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, படகிலேயே தங்கித் தீவு தீவாகச் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், பன்னிரண்டும் எட்டும் வயதான இரண்டு பிள்ளைகள், என் சகலை குடும்பம் மூன்று பேர், எழுபத்தொரு வயதான என் அப்பா. மொத்தம் எட்டுப் பேர். நான்கு அறை கொண்ட கேட்டமரான் (இரட்டை உடல் படகு) பார்த்து வைத்திருக்கிறேன்.

எங்களில் யாருக்கும் கடல் அனுபவம் இல்லை. கே.ஆர்.பி. அணையையும் ஒகேனக்கல்லையும் விட்டால் பெரிய நீரைப் பார்த்தது மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும்தான். ஆறு ஆண்டாகச் சேர்த்த பணம் இது. திரும்பத் திரும்பப் போகக்கூடிய பயணம் இல்லை. அதனால் நல்லதை மட்டும் சொல்லாமல் கெட்டதையும் சொல்லுங்கள். இன்னொரு சிக்கல்: மே, ஜூனில் மாங்காய் அறுவடை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூ எடுக்கும் காலம், மருந்து அடிக்க நான் தோப்பில் இருந்தாக வேண்டும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஒத்துவர வேண்டும்.

ஓசூர்_இயந்திரம் எழுதியது:

அண்ணா, நாங்கள் போய்வந்திருக்கிறோம். இரண்டு ஆண்டுக்கு முன், அக்டோபர் மாதம், ஏழு பேர், ஆறு இரவு. பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தின் பெரிய நன்மை. தூரம் குறைவு. முக்கியத் தீவான மாஹேயிலிருந்து பிராலின் தீவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பிராலினிலிருந்து லா டீக் தீவு கண்ணுக்கெதிரே நிற்கிறது. படகு 6 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 11 கிலோமீட்டர், ஆக மாஹேயிலிருந்து பிராலினுக்கு நாலு மணி நேரம். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு மணி, இரண்டு மணி நேர ஓட்டம்தான். இரவில் ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. முதல் தடவை கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு இதைவிடத் தோதான தீவுக்கூட்டம் கிடைப்பது அரிது. மாலத்தீவில் பல இடங்களில் பவளத் திட்டுக்கு உள்ளேயே நீர் மிக ஆழம், நங்கூரம் போட இடம் தேடி அலைய வேண்டும். இங்கே கருங்கல் தீவுகள், கரையோரம் மணல் தரை, ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போடலாம்.

படகை நீங்களே ஓட்டப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். உங்களிடம் இல்லை, எங்களிடமும் இல்லை. கேப்டனோடு சேர்த்துத்தான் எடுத்தோம். அந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். கேப்டனுக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அறையில் எட்டுப் பேரோடு அவரையும் சேர்த்தால் இடம் போதாது. முனையில் கேப்டனுக்கென்று சிறு அறை தனியாக உள்ள படகாகப் பார்த்துக் கேளுங்கள்.

எங்களை ஏமாற்றியது காற்று. அக்டோபரில் கடல் அமைதி, குழந்தைகளுக்கு அருமை. ஆனால் ஆறு நாளில் பாய் விரித்து ஓடியது இரண்டு நாள்கூட இல்லை. மீதி எல்லாம் எஞ்சின் சத்தம்தான். பாய்க்கு நல்ல மாதம் வயிற்றுக்கு நல்ல மாதமல்ல. இரண்டில் எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

செலவில் என்னை உலுக்கியது படகு வாடகை அல்ல, காய்கறி. அங்கே பெரும்பாலானவை கப்பலில் வந்திறங்கும் சரக்கு. தக்காளிக்குக் கொடுத்த விலையை ராயக்கோட்டை மண்டியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். வாடகையும் முன்பணமும் யூரோவில். சேதத்துக்கென்று ஒரு தொகையை வங்கி அட்டையில் முடக்கி வைத்தார்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த இடைத்தரகர், கடல் பூங்காக் கட்டணம் தனி என்று சொல்லவே இல்லை. ஒவ்வோர் இடத்திலும் தலைக்கு இவ்வளவு என்று கட்டினோம். எது வாடகைக்குள், எது வெளியே என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல்_கண்டவர் (தர்மபுரி) எழுதியது:

சரக்குக் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவின் துறைமுகத்துக்கும் போயிருக்கிறேன். ஓசூர்த் தம்பி காற்றைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. கொஞ்சம் விளக்குகிறேன்.

மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை தென்கிழக்குக் காற்று. ஜூலை, ஆகஸ்டில் அதன் உச்சம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று, அதோடு மழை. ஜனவரியில் அதிகம் கொட்டும். இரண்டுக்கும் நடுவே ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் காற்று மாறுகிற காலம், கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும். மாஹேயிலிருந்து பிராலின் வடகிழக்கில் இருக்கிறது. ஆகவே தென்கிழக்குக் காற்றானாலும் வடமேற்குக் காற்றானாலும் படகின் விலாவில்தான் அடிக்கும். பாய்க்கு அது நல்ல கோணம், படகு விரைந்து ஓடும். ஆனால் அலையும் அதே விலாவில் வந்து மோதும். நாலு மணி நேரம் பக்கவாட்டில் ஆடுவதைப் பழகாத வயிறு தாங்காது. ஆகஸ்டில் எழுபத்தொரு வயதுக்காரரை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பெரிய நன்மையை யாரும் சொல்லவில்லை. அந்த முக்கியத் தீவுகள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நாலு, ஐந்து பாகையில் இருக்கின்றன. புயல் வழித்தடம் அதற்கும் தெற்கே. மொரீஷியஸ், மடகாஸ்கர் வாங்குகிற அடி இங்கே விழுவதில்லை.

கடற்கொள்ளையர் பயம் பற்றி வீட்டில் கேட்பார்கள். 2009இல் சீஷெல்ஸ் அருகே ஒரு பாய்மரப் படகிலிருந்த பிரிட்டிஷ் தம்பதியைச் சோமாலியர்கள் கடத்திப் போய் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் நாங்கள் கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினோம். எஞ்சின் அறைக் கதவை உள்ளே தாழிட்டுப் பயிற்சி எடுத்த இரவுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. கப்பல் துறை அந்தக் கடலை உயர் ஆபத்துப் பகுதிப் பட்டியலிலிருந்து 2023 ஜனவரி 1 முதல் நீக்கியது. அதற்குப் பின்னும் சோமாலியக் கரைப் பக்கம் சில கடத்தல்கள் நடந்தன. ஆனால் அது ஆழ்கடல் கடந்து போகிறவர்களின் கவலை. மாஹேக்கும் லா டீக்குக்கும் நடுவே சுற்றுகிற உங்களுக்கு அல்ல.

அரூர்_ஆசிரியை எழுதியது:

இவ்வளவு பேசியும் படகில் சமைப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

நாங்கள் கேரளத்தில் படகு வீட்டில் ஒரு நாள் தங்கினோம். அங்கே சமையல்காரர் உண்டு. நீங்கள் எடுக்கப்போவது கேப்டன் மட்டும் வரும் படகு. எட்டுப் பேருக்குக் கேப்டனையும் சேர்த்து ஒன்பது பேர், மூன்று வேளை, ஏழு நாள். இரண்டு அடுப்பு உள்ள, ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாத ஓர் இடம். அதில் நிற்கப்போவது உங்கள் மனைவியும் அவர் தங்கையும்தானே? ஆறு ஆண்டு சேர்த்த பணத்தில் அவர்களுக்குக் கிடைப்பது ஆடுகிற சமையலறை என்றால், அது அவர்களுக்கு விடுமுறை ஆகாது. சமையலுக்கு ஆள் சேர்த்து எடுங்கள், அல்லது ஆண்கள் இருவரும் முறை போட்டுச் சமைப்பதாக இப்போதே எழுதி வையுங்கள். தண்ணீர் அளவும் எவ்வளவு என்று கேளுங்கள். கழிவறை எத்தனை, கதவு சரியாகச் சாத்துமா, இதெல்லாம் பெண்களுக்கு முதல் கேள்வி.

ஓசூர்_இயந்திரம் எழுதியது:

அக்கா சொல்வது முழுக்க உண்மை. எங்கள் பயணத்தில் இதே தவறு நடந்தது. மூன்றாம் நாள் காலை என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு மேல்தளத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் நானும் என் நண்பரும் சமைத்தோம். உப்புமா, தயிர்சோறு, முட்டை. யாரும் குறை சொல்லவில்லை. புளி, மிளகாய்த்தூள், பருப்பு எல்லாம் இங்கிருந்து என்னென்ன கொண்டுபோகலாம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: எங்கள் படகில் 600 லிட்டர்த் தொட்டி. கேப்டன் முதல் நாளே, கடலில் குளித்து ஏறியதும் நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம் உடம்பை அலசினால் போதும் என்றார். நகரத்தில் வளர்ந்த நண்பர் வீட்டுப் பிள்ளைகள் தடுமாறினார்கள். என் அம்மா காரிமங்கலம் பக்கம் குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர். ஒரு சொம்பில் முகம், கை, கால் கழுவி மீதியும் வைப்பார். தொட்டி ஆறு நாளும் தாங்கியது அவர் கண்காணிப்பினால்தான். கழிவறைக் குழாயில் காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். அதைப் பிரிப்பது கேப்டனுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

பாலக்கோடு_மருந்துக்கடை எழுதியது:

கடல் குமட்டலுக்கு ஒரு குறிப்பு. வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். அப்பாவுக்கு இரத்த அழுத்தம், சுவாசம், புராஸ்டேட் போன்ற தொல்லைக்கு வேறு மருந்து ஓடுகிறது என்றால் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். படகின் கீழறையில் படுக்க வைக்காமல் மேல்தளத்தில் பின்பக்கம் உட்கார வைத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சி மரப்பா நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது, இரண்டு பாக்கெட் எடுத்துப் போங்கள்.

பென்னாகரத்தான் எழுதியது:

இவ்வளவு தூரம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தமான் இருக்கிறதே! பாஸ்போர்ட் வேண்டாம், யூரோ வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம். ராதாநகர் கடற்கரையை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மணலுக்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டுமா? தமிழ் பேசும் கடைக்காரர்கள்கூட அங்கே உண்டு. உங்கள் பணத்தில் பாதி மிஞ்சும்.

கடல்_கண்டவர் (தர்மபுரி) எழுதியது:

தம்பி, அந்தமான் அழகை நான் மறுக்க மாட்டேன். பாரன் தீவில் எரிமலை புகைவதைக் கப்பலிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் கேட்பவர் பாய்மரப் படகில் தங்கிச் சுற்றக் கேட்கிறார். சீஷெல்ஸில் போல வாடகைப் படகுகள் வரிசையாக நிற்கிற துறை அந்தமானில் இல்லை. நிக்கோபாருக்குச் சுற்றுலாப் பயணி போக முடியாது, வடக்கு சென்டினலை நெருங்கவே கூடாது, ஜராவா மக்களின் காப்பகம் வேறு இருக்கிறது. இவை வேண்டிய தடைகள்தான், அந்த மக்களுக்காக வைத்தவை. ஆனால் நினைத்த இடத்தில் நங்கூரம் போடும் பயணத்துக்கு அது தோதல்ல. சதுப்புநிலக் கழிமுகங்களில் முதலை உண்டு. நம் கடிகாரமே அங்கும் என்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

அதற்கும் மேல் மாதம். அந்தமானுக்கு நல்ல காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அவரோ மாம்பூ நேரத்தில் தோப்பை விட்டு வர முடியாது என்கிறார்.

பென்னாகரத்தான் எழுதியது:

மாதத்தை நான் யோசிக்கவில்லை ஐயா, ஒப்புக்கொள்கிறேன். செலவைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். அன்றைக்கு வந்த சுற்றுலாக்காரர்கள், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரே ஒரு சுற்று" என்று கூடுதல் பணம் நீட்டுவார்கள். அப்பா துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நீங்கள் போகிற இடத்தில் கேப்டன் இன்று வேண்டாம் என்று சொன்னால் பணம் கொடுத்த உரிமையில் வற்புறுத்தாதீர்கள்.

ஓசூர்_இயந்திரம் எழுதியது:

பரிசல் என்றதும் நினைவு வருகிறது. இரண்டாம் நாள் இரவு பிராலினின் வடக்கில் ஆன்ஸ் லாசியோ கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டோம். ஆறு மீட்டர் ஆழம், முப்பது மீட்டர்ச் சங்கிலி விட்டார் கேப்டன். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு என்றார். நள்ளிரவுக்கு மேல் விழித்துக்கொண்டேன். படகு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டு போகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேப்டன் எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கரையில் ஒரு பெரிய பாறையின் வலது விளிம்பு, அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு தென்னை. இரண்டும் ஒரே கோட்டில் தெரிகிறதா பார் என்றார். நிலா வெளிச்சத்தில் தெரிந்தது. படகு ஆடும்போது தென்னை பாறையை விட்டு ஒரு சாண் விலகும், பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். விலகியது திரும்பிச் சேரவில்லை என்றால் மட்டும் எழுப்பு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நான் விடியும்வரை அந்தத் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல இரவு அதுதான்.

போச்சம்பள்ளி_மாந்தோப்பு எழுதியது:

இதைப் படித்துக் காட்டியபோது அப்பா இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொன்னார்.

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் அரூர் ஆசிரியை எழுதியதைக் காட்டினேன். "இதைக் கேட்க வெளியாள் வர வேண்டியிருந்தது" என்றார். எனக்கு உறைத்தது. இன்னும் இரண்டு கேள்வி. தண்ணீருக்குள் பவளம், மீன் எல்லாம் படத்தில் காட்டுவதுபோல் இருக்குமா? சுறா பற்றி சகலை பயப்படுகிறார்.

கடல்_கண்டவர் (தர்மபுரி) எழுதியது:

பவளத்துக்காக மட்டும் போவதானால் போகாதீர்கள். 1998இல் கடல் சூடேறி, அந்த உள்தீவுகளைச் சுற்றிய பவளத்தில் 90 விழுக்காடு வரை மடிந்தது. தேறிவந்த நேரத்தில் 2016இல் மீண்டும் அடி. மீனும் ஆமையும் நிறைய உண்டு. வண்ணப் பவளக் காடு என்று எதிர்பார்த்தால் பிள்ளைகள் ஏமாறுவார்கள். சுறாவைப் பொறுத்தவரை மறைக்க வேண்டியதில்லை: 2011 ஆகஸ்டில் ஆன்ஸ் லாசியோவில் இரண்டு பேர் சுறா தாக்கி இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அது அங்கே மிக அரிது. சுறாவைவிட நான் அஞ்சுவது நீரோட்டத்துக்கு. லா டீக்கின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை பார்க்க அவ்வளவு அழகு. தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் அங்கே பிள்ளைகளை இடுப்பளவு நீரில்கூட விடாதீர்கள்.

கிருஷ்ணகிரி_கல் எழுதியது:

கிரானைட் பாலிஷ் பட்டறையில் இருபது ஆண்டு வேலை செய்தவன். எனக்கு அந்தத் தீவுகளின் பாறைதான் முக்கியம். நடுக்கடல் தீவுகள் பெரும்பாலும் எரிமலையோ பவளமோதான். சீஷெல்ஸின் உள்தீவுகள் மட்டும் கிரானைட். வயது ஏறத்தாழ 75 கோடி ஆண்டு. ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலத்துண்டு அது. 6 கோடி ஆண்டுக்கும் முன்னால் பிரிந்து அங்கேயே நின்றுவிட்டது. லா டீக்கின் மேற்குக் கரையில் நிற்கிற பாறைகளை மழையும் காற்றும் எப்படி வழித்து வைத்திருக்கின்றன என்று படத்தில் பார்த்து வியந்திருக்கிறேன். எங்கள் இயந்திரம் அந்த வளைவைத் தராது. போகிறவர்கள் கையால் தடவிப் பார்த்து வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.

அரூர்_ஆசிரியை எழுதியது:

ஒரு யோசனை. ஏழு நாளும் படகு எதற்கு? பிராலினுக்கும் லா டீக்குக்கும் பயணிகள் கப்பல் ஓடுகிறதே. நான்கு நாள் பிராலினிலோ லா டீக்கிலோ சமையலறை உள்ள வீடு, மூன்று நாள் படகு என்று பிரித்தால் என்ன? அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் நிலத்தில் இருக்க இடம் இருக்கும். பிராலினில் வாலே த மே பனங்காடு இருக்கிறது. 1983இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இருபது கிலோவுக்கும் மேல் எடை வரும் கடல் தேங்காய் இயற்கையாக விளைவது அந்தத் தீவிலும் பக்கத்திலுள்ள கியூரியஸ் தீவிலும்தான். மாந்தோப்புக்காரர் அதைப் பார்க்காமல் திரும்பலாமா? அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கொட்டையை வாங்கி வர மட்டும் முயலாதீர்கள்.

ஓசூர்_இயந்திரம் எழுதியது:

இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எங்களுக்கு நான்காம் நாள் முதல் நிலத்தில் கால் வைக்கத் தவிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் படகில் கியூரியஸ் தீவை விடாதீர்கள். பெரிய ஆமைகள் வழியில் நடந்துவந்து உங்கள் காலருகே கழுத்தை நீட்டும். குறைந்த நாளுக்குப் படகு தருகிறார்களா, பிராலினிலேயே ஏறி இறங்க முடியுமா என்று கேளுங்கள். எல்லோரும் தர மாட்டார்கள்.

பெரியவருக்காக இன்னொன்று. விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. பல தலைமுறைக்கு முன் போன தமிழர்கள் உண்டு, பிள்ளை என்ற பெயர் கடைப் பலகைகளில் தெரியும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். என் அம்மா படகில் ஏறும் முன் அங்கே தேங்காய் உடைத்த பிறகுதான் தெளிந்தார்.

போச்சம்பள்ளி_மாந்தோப்பு எழுதியது:

முடிவை எழுதுகிறேன். அக்டோபர் தொடக்கம், பள்ளிக் காலாண்டு விடுமுறையையொட்டி. பிள்ளைகளுக்கு மூன்று நாள் கூடுதல் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும், கேட்கிறேன். லா டீக்கில் நான்கு இரவு வீடு, மூன்று இரவு படகு. காற்றில்லாமல் எஞ்சினில் ஓடினாலும் பரவாயில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஒரு நாள் பாய் விரித்தால் போதும். பெங்களூரு விமான நிலையம் நமக்குப் பக்கம், அங்கிருந்து மும்பை வழியாகவோ வளைகுடா நாடுகள் வழியாகவோ பார்க்கிறேன். விசா வேண்டாம், ஆனால் கிளம்பும் முன் இணையத்தில் பயண அனுமதி பெற வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். படகில் சமையல் ஆண்கள் பொறுப்பு. நானும் சகலையும் அடுத்த ஞாயிறு தோப்பு வீட்டில் எட்டுப் பேருக்கு இரண்டு அடுப்பில் சமைத்துப் பழகப்போகிறோம்.

ஓசூர்_இயந்திரம் எழுதியது:

மகிழ்ச்சி அண்ணா. சக்கரம் வைத்த பெட்டி எடுத்துப் போகாதீர்கள். படகில் அதை வைக்க இடமே கிடையாது. மடித்துச் சுருட்டக்கூடிய துணிப்பை போதும். வெளிர்நிற முழுக்கைச் சட்டை ஆளுக்கு இரண்டு. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தாடைக்கு அடியில்கூடச் சுடும்.

போச்சம்பள்ளி_மாந்தோப்பு எழுதியது:

குறித்துக்கொண்டேன். அப்பாவின் பாஸ்போர்ட்டுக்குக் காவல் நிலைய விசாரணை வியாழக்கிழமை. அது முடிந்ததும் முன்பணம் கட்டிவிட்டு இங்கே எழுதுகிறேன். கிருஷ்ணகிரி அண்ணா, பாறையைத் தொட்டுப் பார்ப்பது என் மகள் பொறுப்பு.